குரங்கு விழுந்தால் ஜெயம்

நண்பன் ஒருவன் குழந்தைகளுக்காகக் கணினி விளையாட்டு ஒன்று செய்திருக்கிறான். மரத்தில் தொங்கும் மாம்பழங்களை எண்ணி, சரியான எண்ணைத் தொட வேண்டும். "உங்க அக்கா பொண்ணை வச்சு டெஸ்ட் பண்ணிச் சொல்லுடா" என்றான். பத்து வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஆறு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

முறையாகச் செய்வோமே என்று, பிரிட்டனில் ஜேனட் ரீட் குழுவினர் உருவாக்கிய 'ஸ்மைலியோமீட்டரை' ஒரு தாளில் வரைந்துகொண்டேன். அழுமூஞ்சியில் தொடங்கி வாயெல்லாம் பல்லாக முடியும் 5 முகங்கள். எவ்வளவு பிடித்தது என்று பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். மேடம் எல்லாவற்றுக்கும் ஐந்தாவது முகத்தையே தொட்டாள். விளையாட்டுக்கு, மவுஸுக்கு, நடுவில் கரண்ட் போனதற்குக்கூட. சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் உச்சத்துக்கே போவார்கள் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைக் கடைசியில் படித்தேன்.

"எல்லாத்துக்கும் ஏன்டா தங்கம் இதே?"

"மத்ததெல்லாம் பல்லே தேய்க்கல மாமா."

சரி, வாயை விட்டுவிட்டுக் கையைக் கவனிப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மரத்தில் மூன்று பழம். ஏழைத் தொட்டாள். அடுத்து ஒன்பது. 'எண்ணும் திறன் போதவில்லை' என்று எழுதியதை அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "எம்பொண்ணு நூறு வரைக்கும் சொல்லுவா, உன் கேமைப் பாரு!"

பார்த்தேன். சரியாகத் தொட்டால் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். தப்பாகத் தொட்டால் கிளை முறிந்து குரங்கு தொபுக்கடீரென்று விழுகிறது. இவள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உதட்டுக்குள் எண்ணி முடித்துவிட்டு, மூன்றின் மேல் கை பட்டுவிடாமல் கவனமாக ஏழுக்குப் போகிறாள்!

நண்பனுக்குப் போன் செய்து குரங்கை மரத்திலேயே உட்காரவைக்கச் சொன்னேன். அதற்குள் அவள் டக்ஸ் பெயின்டைத் திறந்து, விழுந்த குரங்குக்குக் கட்டுப்போட்டுப் படம் வரைந்து, தானே சேமித்தும் வைத்துவிட்டாள். கோப்புக்குப் பெயர் கேட்டு வம்பு பண்ணாத மென்பொருள் அது.

கடைசியாக, அதே குழுவினரின் 'மறுபடி' அட்டவணை. எதை மறுபடி விளையாட ஆசை? ஆமாம், பார்க்கலாம், வேண்டாம் என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். குரங்கு, ஆமாம். டக்ஸ் பெயின்ட், ஆமாம். அப்புறம் கீழே அவளாகவே 'மாமா' என்று ஒரு வரி சேர்த்து, 'பார்க்கலாம்' கட்டத்தில் டிக் போட்டாள்.

ஐஸ்கிரீம் கேட்கும்போதெல்லாம் நான் அவளிடம் சொல்கிற அதே 'பார்க்கலாம்'.