மாலையைக் கழற்றின மறுநாள்

மாலை போட வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "கழற்றின மறுநாள் சாயங்காலம் எங்கே இருப்பீங்க?" சில பேருக்குக் கோபம் வரும். "இன்னும் போடவே இல்லை, அதுக்குள்ள கழற்றுறதைப் பத்திப் பேசுறீங்களே குருசாமி" என்பார்கள்.

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்றோடு சபரிமலை ஏறியதிலிருந்து தெருவில் குருசாமி ஆகிவிட்டேன். கார்த்திகை முதல் தேதி என்னிடம் வருகிறவர்களில் பல பேருக்கு ஐயப்பனைப் பார்ப்பதோடு இன்னொரு வேண்டுதலும் உண்டு. இந்தச் சாக்கிலாவது குடியை விட்டுவிட வேண்டும்.

விடவும் செய்கிறார்கள். விடிகாலையில் பச்சைத்தண்ணிக் குளியல், காலில் செருப்பு கிடையாது, ராத்திரி தரையில் படுக்கை. ஷிப்ட் முடிந்ததும் நேராக டாஸ்மாக் வாசலுக்குப் போனவர் ஒரு மண்டலம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஆனால் இதை அவர் ஒருத்தர் மட்டுமா செய்கிறார்? மனைவி குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கிறாள். டீக்கடைக்காரர் கிளாஸை வெந்நீரில் அலசி "சாமி, இந்தாங்க" என்று நீட்டுகிறார். மாமனார்கூட "வாங்க சாமி" என்கிறார். கூட்டாளிகள் போன் பண்ணுவதே இல்லை. குடிக்காமல் இருக்கிற வேலையைத் தெருவே பங்குபோட்டுச் செய்கிறது.

தலைவாசலில் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றியதும் அத்தனை பேரும் ஒரே நாளில் நின்றுகொள்கிறார்கள். வீடு வரைக்கும் பொறுக்காதவர்களும் உண்டு. திரும்பும்போது ஆரியங்காவு இறங்கி, புளியரை தாண்டி, குற்றாலத்தில் குளிக்க வேனை நிறுத்தினால் இரண்டு பேரைக் காணோம். எங்கே என்று டிரைவருக்கே தெரியும். மாலை சட்டைப்பையில் இருக்கும்.

அதற்காக அவர்கள் இருந்த விரதம் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிக்காதது அதற்கப்புறம் வருகிற பேச்சுதான். "வருஷா வருஷம் விடுறேனே, நான் என்ன குடிக்கு அடிமையா?" மீதிப் பத்து மாசம் குடிப்பதற்கு அந்த விரதமே சாட்சிக்கு வந்து நிற்கிறது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி ஒருத்தர்தான் என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர். மாலை கழுத்தில் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார். காண்ட்ராக்டரிடம் பேசி, சனிக்கிழமைக் கூலியை மனைவியின் ஜிபே நம்பருக்கு மாற்றினார். அன்றைக்குச் சாயங்காலம் மகனைச் சிலம்பம் வகுப்புக்குக் கூட்டிப்போவதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முக்கியமாக, கூட குடிக்கிற கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் கறுப்பு வேட்டியோடு போய், "கழற்றினதுக்கப்புறம் நானே கூப்பிட்டாலும் வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதில் ஒருத்தர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. "போனா போறான் குருசாமி" என்றார், ஆனால் குரல் கம்மியது. பதினைந்து வருஷப் பழக்கம்.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் தவறிவிட்டார். மறுநாள் காலையில் வந்து சொன்னார். பரிகாரம் என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, "மண்டபத்துக்குப் பின்னாடி வண்டியை விட்டது தப்பு, அங்கேதான் ஊத்திக்கிட்டிருந்தாங்க. இனிமே ரோட்டிலேயே நிறுத்திட்டு, பந்தி முடிஞ்சதும் கிளம்பிருவேன்" என்றார். பரிகாரத்தைவிட எனக்கு அது பிடித்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலையிலேயே ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவருக்கு நான் மாலை போடுவதில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் வைராக்கியத்துக்கு வேலையில்லை. டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணலாம். டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வருகிற கார்த்திகைக்கு மாலை போட நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே ஒருதடவை வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது, கூலி விஷயம் பேச வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்றால் திங்கட்கிழமை காலை நான் சும்மாதான் இருப்பேன்.