குதிக்கால் இரத்தப் பரிசோதனையும் அதற்குப் பின்னான நடைமுறையும்

எங்கள் மகள் பிறந்த மறுநாள், வீட்டுக்கு விடுவதற்கு முன்னர், தாதியொருவர் அவளுடைய குதிக்காலின் ஓரத்தில் குத்தி, தடித்த வடிதாள் அட்டையிலிருந்த வட்டங்களை இரத்தத்தால் நிரப்பினார். இரத்தம் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்து, வெயில் படாத மேசையில் காய வைத்தார். பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறியும் இந்தப் பரிசோதனை, இலங்கையில் 2010 இல் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய இடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. காய்ந்த இரத்தப் பொட்டைச் சோதிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரொபர்ட் கத்ரி வேறொரு நோய்க்காக உருவாக்கினார்; 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜோன் டுசோவும் அவருடைய குழுவினரும் அதைத் தைரொயிட்டுக்குப் பயன்படுத்தினர். ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கமாக வசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடம் வரை போகத் தேவையில்லை, அட்டை போனாற் போதும் என்பதே அம்முறையின் பெரும்பயன்.

பெறுபேறு சந்தேகத்துக்குரியதாக இருந்தால் உடனே அழைப்பார்கள். எனது கணவர் அரிவி வெட்டுக்குப் போயிருந்த வயல்வெளியில் சிக்னல் கிடைக்காததால், அச்செய்தியைக் குடும்பநல மாதுதான் ஸ்கூட்டியில் வீடு தேடி வந்து சொன்னார். ஆகவே அட்டையை நிரப்பும்போது வீட்டில் இருப்பவருடைய தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

"பிள்ளை அழாமல் நல்லா நித்திரை கொள்ளுது, பிறகென்னத்துக்குப் பிள்ளை அலையிறியள்?" என்று மாமி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தாயின் தைரொயிட் சுரப்பு கருவிலுள்ள குழந்தைக்கும் ஓரளவு கிடைப்பதால், இக்குறைபாடுள்ள பெரும்பாலான குழந்தைகள் பிறக்கும்போது சாதாரணமாகவே தோன்றுவார்கள். பாலுக்கு அழாத, எந்நேரமும் தூங்குகின்ற 'சோலியில்லாத பிள்ளை' என்று நாங்கள் மெச்சும் இயல்பே அதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று வைத்தியர் விளக்கினார். நீடிக்கும் மஞ்சள் நிறம், மலச்சிக்கல், கரகரத்த அழுகை ஆகியவை பின்னர் வரக்கூடும். அவை வரும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதால், முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்குவதே இலக்கு.

உறுதிப்படுத்துவதற்கு நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தார்கள். அங்கே வரிசையில் நின்ற அலைச்சலைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். குறைபாடு உறுதியானதும், உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற கணக்கில் தைரொக்சின் குளிசை தந்தார்கள். அதைத் தினமும் ஒரே நேரத்தில் இரண்டு கரண்டிகளுக்கிடையே நசித்துத் தூளாக்கி, சிறிதளவு தாய்ப்பாலில் கரைத்து ஊட்டுகிறேன். போத்தல் நிறைந்த பாலில் கலந்தால், பிள்ளை மிச்சம் விடும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து, கல்சியம் ஆகியவற்றைக் குளிசையோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. அவை மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

மருந்து தொடங்கிய பின்னரும் இரத்தப் பரிசோதனைகள் தொடர்கின்றன. பிள்ளையின் நிறை கூடுவதால் அளவும் மாறும்; ஆதலால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் குளிசை வாங்கிச் சமாளிக்க முடியாது, கிளினிக்குக்குப் போயே ஆக வேண்டும். சில குழந்தைகளுக்கு இக்குறைபாடு தற்காலிகமானது என்பதால், மூன்று வயதளவில் மருந்தை நிறுத்திச் சோதித்துப் பார்ப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறாள் என்பதற்காக அதற்கு முன் நாங்களாக நிறுத்தக்கூடாது என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் சீட்டை எழுதித் தருகிறார்கள்.