பார்டர்லைன்: மூட் மாறும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

"அடிக்கடி மூட் மாறுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால், பார்டர்லைன் (எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு) உள்ளவருக்கு ‘பைபோலார்’ (எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு) என்று எழுதிவிட நிறைய வாய்ப்பு உண்டு. வித்தியாசம் நேரக்கணக்கில் இருக்கிறது. பைபோலாரில் மிதமான மன எழுச்சியே குறைந்தது 4 நாள் நீடிக்கும். பார்டர்லைனில் மூட் பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். அதற்கு முன்னால் எடுக்கப்படாத ஒரு போன், சற்றே மாறிய ஒரு குரல் என்று ஏதாவது நடந்திருக்கும். அதனால் டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. (இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.)

9 அறிகுறிகளில் 5 இருந்தால் பார்டர்லைன் என்ற பெயர் வரும். இதே பெயர் உள்ள இருவருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். அடுத்தவர் அனுபவத்தை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

இதற்கென்றே தனி மருந்து இல்லை. கூட வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத்தான் மாத்திரை. முக்கிய சிகிச்சை பேச்சுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (DBT) என்ற பேச்சு சிகிச்சையில் வாரம் ஒரு தனி அமர்வும் ஒரு குழு வகுப்பும் இருக்கும். 24 வாரப் பாடத்தை வழக்கமாக இரண்டு முறை படிப்பார்கள். அன்றைய மனநிலையைத் தினமும் நிரப்ப ஓர் அட்டை தருவார்கள். அமர்வுக்கு ஐந்து நிமிடம் முன்பு ஏழு நாளையும் சேர்த்து நிரப்பினால் அது கடைசி நாளின் மனநிலையைத்தான் காட்டும்.

உண்மையான வேலை, நடந்தவற்றின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரிப்பதில் இருக்கிறது. உதாரணமாக, முந்தைய இரவு மூன்று மணி நேரத் தூக்கம். மதியம் சாப்பிடவில்லை. 9:10க்கு அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. 9:40க்கு "என்னை வெறுத்துட்டாங்க" என்ற எண்ணம், நெஞ்சில் இறுக்கம். பதினேழு மிஸ்டு கால். 11 மணிக்கு அந்த எண்ணை பிளாக். எல்லோரும் 11 மணியைத் திருத்தப் பார்ப்பார்கள், அதற்குள் கை மீறிப் போயிருக்கும். அறுக்க வேண்டிய கண்ணி 9:40. அங்கே மூச்சைப் பிடித்து 30 விநாடி குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் இதயத்துடிப்பு இறங்கும், யோசிக்கச் சில நிமிடம் கிடைக்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் "சும்மா பெருசாக்காதே" என்றால் அந்த இறுக்கம் இரட்டிப்பாகும். "பதில் வராதது வலிக்குது, புரியுது" என்று சொல்வதால் பதினேழு கால்களுக்கு ஒப்புதல் தந்ததாக ஆகாது.

டிபிடியில் சிகிச்சையாளரை அமர்வுகளுக்கு இடையில் போனில் அழைக்கலாம். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த வழக்கமான அழைப்பு கிடையாது. தண்டனை என்று நினைக்காதீர்கள். காயத்துக்கு முன்பே அழைக்கப் பழக்கும் ஏற்பாடு அது. உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதி எதுவும் பொருந்தாது, உடனே அவசர உதவியை அழையுங்கள். இரண்டு எண்களையும் தெளிவாக இருக்கும் நாளிலேயே காகிதத்தில் எழுதி, கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.