பரணில் கிடந்த கணக்கு நோட்டு

மதுரை தெற்கு மாசி வீதி வீட்டைக் காலி செய்தபோது, அப்பாவின் 1984ஆம் ஆண்டுக் கணக்கு நோட்டு பரணில் கிடைத்தது. நீல மையில் 'இட்லி 4 – 1 ரூபாய், காபி – 60 பைசா' என்று பைசா பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார். அதே தெருவில் நேற்று ஓர் இட்லி 12 ரூபாய். அன்று ஓர் இட்லி வாங்கித் தந்த நாலணாவோ, 2011 ஜூன் 30 முதல் செல்லாக்காசாகிவிட்டது. எல்லாமே ஏறிவிட்டதாகவும் சொல்வதற்கில்லை: 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த ரேஷன் அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியாயிற்று. மல்லிகைக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முகூர்த்தத்துக்கு எகிறும் விலை, மறுவாரமே சரிந்துவிடும். நோட்டின் கடைசி வரி, 'பூ – 50 பைசா, பாக்கி.' பூக்காரம்மாவிடம் கூடக் கடன் வைத்திருக்கிறார்.