நோன்பு மாதத்தில் கீழக்கரை

ரமலான் மாதத்தில் முஸ்லிம் நாடுகளுக்குச் சுற்றுலா போகலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அதற்கு முன் நோன்புக் காலத்தில் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான கீழக்கரைக்குப் போய் ஓர் இரவாவது தங்கி வாருங்கள் என்று சொல்லிவருகிறேன். நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தவன். ராமநாதபுரத்திலேயே வளர்ந்திருந்தும், 2023 ஏப்ரலில் ஓமானின் மஸ்கத்தையும் துபாயையும் பார்த்துவிட்டு, அதற்கடுத்த ஆண்டு நோன்பில்தான் கீழக்கரை நண்பர் வீட்டில் தங்கினேன்.

மஸ்கத்தின் மத்ரா கடற்கரைச் சாலையில், உச்சி வெயிலில், தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்துவிட்டேன். எதிரே வந்த முதியவர் ஒருவர் கோபம் எதுவும் காட்டாமல், ஒரு சுவரின் மறைவைக் கையால் சுட்டிவிட்டு நடந்தார். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் ஓமானில் சட்டப்படி குற்றம் என்பதைப் படித்திருந்தும் மறந்துபோனேன் என்பதால், அந்த முதியவரின் பண்பு இன்றும் என் நினைவில் நிற்கிறது. துபாயில் 2021 முதல் உணவகங்கள் திரை கட்டி மறைக்க வேண்டியதில்லை. உள்ளே அமர்ந்து யாரும் சாப்பிடலாம். மலேசியாவிலோ பிற சமயத்தவர் உண்பதற்குத் தடையே இல்லை. ஆகவே போகும் நாட்டின் விதியைத் தனியே கேட்டறிவதுதான் முறை.

விதிகளைவிட முக்கியமானது பொழுதின் ஒழுங்கு. அதைக் கீழக்கரையில்தான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். 2024 மார்ச் கடைசி வாரத்தில் நான் போய் இறங்கிய நண்பகலில் கடைத்தெரு பாதி உறக்கத்தில் இருந்தது. சீதக்காதி வள்ளலின் நினைவோடு பேசப்படும் ஜும்ஆப் பள்ளிவாசலின் கல்தூண்களுக்கிடையே, நண்பகல் தொழுகையான லுஹர் முடிந்த பின் சிலர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நம் கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே கல்தச்சு மரபு, உருவங்களை விட்டுவிட்டுப் பூவும் கொடியுமாக அங்கே தொடர்வதைப் பார்க்க, ஆரவாரமற்ற அந்த வேளையைப் போல வேறொன்று வாய்க்காது.

வீடு திரும்பியபோது எனக்கு மட்டும் சோறும் மீன் ஆணமும் (குழம்பும்) ஆக்கி வைத்திருந்தார் நண்பரின் தாயார். விடியலுக்கு முன்பிருந்து ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாதவர் கையால் பரிமாற, எனக்குக் கை எழவில்லை. "நோன்பு எங்களுக்குத்தானே வாப்பா. வந்த புள்ளையைப் பட்டினி போட்டா என் நோன்பு எப்படிக் கூடும்?" என்றார். பயணத்தில் இருப்பவரும் நோயாளியும் அந்த நாட்களை விட்டுவிட்டுப் பின்னொரு காலத்தில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தந்திருப்பதை நண்பர் எடுத்துச் சொன்னார். ஆனாலும் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும்போது, விமானத்திலும் தான் நோன்பை விட்டதில்லை என்றார்.

பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு ஊர் விழித்தது. பள்ளிவாசல்களில் தேக்சா என்னும் பெரிய பாத்திரங்களில் வெந்த நோன்புக் கஞ்சிக்காகச் சிறுவர்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், புதினா, கொஞ்சம் கொத்துக்கறி என்று குழையும் இந்தக் கஞ்சி, நம் கடற்கரையிலிருந்து போனவர்களோடு கடல் கடந்தது. மலேசியாவில் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் இன்றும் நோன்பு மாதத்தில் அதைக் காய்ச்சி வழங்குகிறார்கள். நண்பரின் தாயார், நான் உம்மா என்றழைத்தவர், வீட்டிலும் ஒரு சட்டி கொதிக்க வைத்திருந்தார். நோன்பாளி நாக்கில் வைத்துப் பார்க்கத் தயங்குவார் என்பதால், "உப்புப் பாத்துச் சொல்லுங்க வாப்பா" என்று கரண்டியை என்னிடம் நீட்டினார். அந்த வீட்டில் அன்று எனக்கென்று ஒரு வேலை இருந்ததில் நான் பெரிதும் மகிழ்ந்தேன்.

நோன்பு திறக்கும் மாலைத் தொழுகையான மஃரிபுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் பயணி எங்கும் புறப்படக் கூடாது என்பதை துபாயில் வாடகைக் கார் கிடைக்காமல் நின்று கற்றிருந்தேன். எல்லோரும் வீடு சேர விரையும் நேரம் அது. கீழக்கரையிலும் ஆறேகால் மணிக்குத் தெரு வெறிச்சோடியது. சிறிது நேரத்தில் பாங்கு ஒலிக்க, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைமாறின. நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகை முடிந்தபின், தொதல் என்னும் இனிப்பு விற்கும் கடைகளிலும் துணிக்கடைகளிலும் நள்ளிரவைத் தாண்டியும் கூட்டம் குறையவில்லை. பகலில் அடைத்துக் கிடந்த மஸ்கத்தின் மத்ரா சூக் (சந்தை) இரவில் மலர்ந்தது போலவே இதுவும் இருந்தது. பார்க்க வேண்டியவற்றைக் காலையிலும் இரவிலும் வைத்துக்கொண்டு, பிற்பகலைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டால் பயணத்தில் ஒன்றும் குறையாது. பிறைக் கணக்கில் ரமலான் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்வதால் 2026இல் அது பிப்ரவரியிலேயே தொடங்குகிறது. வளைகுடாவில் வெயில் தணிந்திருக்கும் பருவம் அது.

விடிகாலை நாலு மணிக்குத் தப்ஸ் என்னும் கைப்பறையைத் தட்டிப் பாடியபடி பக்கீர் ஒருவர் தெருவில் வந்தார். எல்லோருடனும் அமர்ந்து நோன்புக்கு முந்தைய உணவான சஹரை நானும் உண்டேன். அன்றைக்கு நோன்பு வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பகலில் பசியைவிடத் தாகமே கடினமாக இருந்தது. மாலையில் கஞ்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த உம்மா, பழக்கத்தில் கரண்டியை என் பக்கம் நீட்டியவர், சட்டென்று அதைப் பின்னிழுத்துக்கொண்டு, உப்புப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டார்.