பக்கற்றில் அச்சிட்டிருக்கிற தார் அளவு எப்படி எடுக்கப்படுகிறது

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் விற்கிற சிகரெட் பக்கற்றில் தார், நிக்கொட்டின் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கடை வாசலில் நின்று அந்த இலக்கத்தைப் பார்க்கிறவர், எண்ணெய்ப் போத்தலில் போட்டிருக்கிற லீற்றர் கணக்கு மாதிரி அதையும் எடுத்துக்கொள்கிறார். அது அந்த வகை அளவு இல்லை. ஒரு இயந்திரம் ஒரு குறித்த ஒழுங்கில் இழுத்த புகை, கண்ணாடி இழை வட்டொன்றில் விட்டுப்போன நிறை அது. ஒழுங்கை மாற்றினால் இலக்கமும் மாறும். புதுச் சிகரெட் வடிவமைக்கிற ஆய்வுகூடங்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

சுருட்டுச் சுற்றத் தெரிந்த ஆளுக்கு இந்த வேலையின் பாதி ஏற்கெனவே விளங்கும். இறுக்கிச் சுற்றினால் இழுவை வராது. தளர்த்திச் சுற்றினால் ஒரு பக்கமாய் எரிந்து ஓடும். இலை காய்ந்திருந்தால் நொறுங்கும், ஈரமாயிருந்தால் நூரும். சிகரெட்டில் இதே நாலு விசயத்தையும் இலக்கமாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வழமையான நீளச் சிகரெட் 84 மில்லிமீற்றர், விட்டம் 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, உள்ளே ஏறக்குறைய 0.7 கிராம் நறுக்கிய இலை. இழுவையை நீர் நிரலின் மில்லிமீற்றரில் அளப்பார்கள்: செக்கனுக்கு 17.5 மில்லிலீற்றர் காற்று போகும்போது இரண்டு முனைகளுக்கும் இடையில் எவ்வளவு அமுக்க வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

பரிசோதனைச் சிகரெட் ஒருபோதும் தனியாகச் செய்யப்படுவதில்லை. அதே நாளில், அதே பொறியில், அதே இலைக் கலவையில் ஒப்பீட்டுச் சிகரெட் ஒன்றும் செய்யப்படும். இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு வித்தியாசம் இருக்கவேண்டும். சொல்ல இலேசு, செய்யக் கஷ்டம். காரணம், சிகரெட்டில் ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். கடதாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கல்சியம் காபனேற்று நிரப்பியாக இருக்கும். எரியும் வேகத்துக்காகப் பொற்றாசியம் சித்திரேற்றுச் சிறிதளவு சேர்ப்பார்கள். சித்திரேற்றைக் கூட்டினால் இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் சிகரெட் தானாகவே விரைவாய் எரிந்துவிடும். ஒன்பது இழுப்பு ஏழாகும். தார் இலக்கம் இறங்கும். ஆனால் ஒவ்வொரு இழுப்பின் புகையிலும் அதற்கேற்ற மாற்றம் இருக்காது. இலையைக் காபனீரொட்சைட்டால் ஊதிப் பருக்கவைக்கிற முறையிலும் இதே கதைதான்: அதே கனவளவுக்குக் குறைந்த நிறை இலை போதும், எரிய இருப்பது குறையும், இலக்கமும் குறையும். அதனால் இழுப்பு எண்ணிக்கை தராத அறிக்கையை நம்பக்கூடாது. ஒரு இழுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் வடிவமைப்பு என்ன செய்தது என்று தெரியும்.

அளக்கும் முன் பதப்படுத்த வேண்டும். 22 பாகை செல்சியஸ், 60 வீத ஈரப்பதன், குறைந்தது 48 மணித்தியாலம், கூடியது 10 நாள். வாடைக்காற்று மாதங்களில் எங்கட பக்கம் திறந்து வைத்த புகையிலை எப்படி இளகிப்போகும் என்று பார்த்தவர்களுக்கு இதன் தேவையை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஈரம் கூடின சிகரெட் மெதுவாய் எரியும், இழுப்பு எண்ணிக்கை கூடும், வட்டில் தண்ணீரும் கூடச் சேரும். அடுத்தது தெரிவு. ஆராய்ச்சி ஒப்பீட்டுக்கு ஒவ்வொன்றாய் நிறுத்து, இழுவையும் பார்த்து, சராசரியை விட்டு விலகினவற்றை ஒதுக்குவார்கள். பக்கற்றில் அச்சிடுகிற அளவுக்கு அப்படித் தெரிவு செய்யக்கூடாது. அங்கே எழுமாறாக எடுத்த மாதிரிதான் வேண்டும். இந்த இரண்டையும் கலந்தால் முடிவு அழகாக வரும், ஆனால் பிழையாக இருக்கும்.

இனி இயந்திரம். சர்வதேச நியம முறையில் ஒரு இழுப்பு 35 மில்லிலீற்றர், 2 செக்கன் நீளம், நிமிடத்துக்கு ஒன்று. இந்த மூன்று இலக்கங்களும் 1936இல் அமெரிக்கச் சிகரெட் கம்பனி ஒன்றின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தவை; 1960களில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அவற்றையே எடுத்துக்கொண்டது. எரிக்காமல் விடுகிற அடிக்கட்டை 23 மில்லிமீற்றர், அல்லது பில்ரர் நீளத்துடன் 8, அல்லது பில்ரரைச் சுற்றியிருக்கிற நுனிக்கடதாசி நீளத்துடன் 3, இவற்றில் எது பெரிதோ அங்கே நிறுத்த வேண்டும். புகை 44 மில்லிமீற்றர் வட்டில் படியும். அந்த வட்டு 150 மில்லிகிராம் வரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் துணிக்கைகள் ஊடுருவி மறுபக்கம் போய்விடும், இலக்கம் பொய்யாய்க் குறையும். அதனால் ஒரு வட்டுக்கு ஐந்து சிகரெட் என்பது வழமை. பிறகு வட்டை நிறுத்து, 20 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பனோலில் குலுக்கி, கலவையைப் பிரித்து அளக்கிற வாயு நிறப்பகுப்புக் கருவியில் தண்ணீரையும் நிக்கொட்டினையும் அளப்பார்கள். உதாரணத்துக்கு ஐந்து சிகரெட்டுக்கு வட்டு 62 மில்லிகிராம் கூடியிருந்தால் ஒன்றுக்கு 12.4. அதில் தண்ணீர் 1.4, நிக்கொட்டின் 0.9 என்றால் மிச்சம் 10.1. அதுதான் தார். தார் என்று ஒரு பொருள் கிடையாது. கழித்து வருகிற மீதிக்கு வைத்த பெயர் அது.

இதில் எது பிழைக்கும்? அறைக் காற்றோட்டம் கூடினால் சிகரெட் விரைவாய் எரியும். வட்டைத் திறந்து வைத்தால் தண்ணீர் பறக்கும், ஈரமான அறையென்றால் ஏறும். ஒவ்வொரு தொகுதியோடும் அளவு ஏற்கெனவே தெரிந்த நியமச் சிகரெட் ஒன்றைப் புகைக்கவிட்டால்தான் அன்றைய இயந்திரம் சரியாய் ஓடினதா என்று அறியலாம். கென்ரக்கிப் பல்கலைக்கழகம் இதற்கென்றே சிகரெட் வழங்குகிறது.

ஆனால் பெரிய பிழை ஆய்வுகூடத்தில் இல்லை, பில்ரரில் இருக்கிறது. நுனிக்கடதாசியை வெளிச்சத்தில் பிடித்தால், வாய்முனையிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றரில் ஊசித்துளை வரிசை தெரியும். துளைகள் வழியே 50 வீதம் காற்று வந்தால், இயந்திரம் இழுக்கிற 35 மில்லிலீற்றரில் 17.5 மட்டுமே தணலுக்குள்ளால் வரும். இலக்கம் பாதிக்குக் கிட்ட இறங்கும். இலையில் எதையும் மாற்றத் தேவையில்லை. இயந்திரத்தின் பிடி துளைகளுக்கு முன்னாலேயே நின்றுவிடும். மனிதரின் உதடும் விரலும் அங்கே நிற்பதில்லை. பாவிக்கிறவர்கள் துளைகளை மூடிவிடுகிறார்கள் என்று ஆய்வாளர் லின் கொஸ்லோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 1980இலேயே எழுதினார்கள். மூடாதவர்களும் நிக்கொட்டின் போதாமல் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்துக்கொள்வார்கள். கனடாவின் கடும் முறை இதற்காகத்தான் வந்தது: 55 மில்லிலீற்றர், 30 செக்கனுக்கு ஒன்று, துளைகளை நாடாவால் முழுக்க மூடவேண்டும். அப்படி அளந்தால், ‘லைற்’ சிகரெட் என்று விற்றதற்கும் மற்றதற்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிடும். 1950களுக்குப் பிறகு வந்த வடிவமைப்பு மாற்றங்கள் நுரையீரலில் ஒரு வகைப் புற்றுநோயைக் கூட்டின என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிக்கை 2014இல் முடிவு சொன்னது. அந்த மாற்றங்களில் ஒன்றுதான் பாதுகாப்பு என்ற பெயரில் விற்ற இந்தத் துளை. எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் துறையில் தெரியாது.

புகையின் இரசாயனத்தையே மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கச் சிகரெட் கம்பனியான லிகெற்றில் ஆய்வாளர் ஜேம்ஸ் மோல்ட் 1970களில் நடத்திய வேலையில் இலையோடு பலேடியமும் மக்னீசியம் நைத்திரேற்றும் சேர்த்தார்கள். எலித்தோலில் பூசிப் பார்த்தபோது கட்டிகள் குறைந்தன. அந்தச் சிகரெட் சந்தைக்கு வரவில்லை; மோல்ட் அதைப்பற்றி 1988இல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். இங்கே ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். நைத்திரேற்றுக் கூடினால் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் குறையும், ஆனால் நைதரசன் ஒட்சைட்டுகளும், புற்றுநோய் தருகிற நைத்திரோசமைன்களும் ஏறும். ஒன்றை மட்டும் அளந்து வெற்றி என்று எழுதினால் மற்றது கண்ணுக்குத் தெரியாது.

இலையை எரிக்காமல் சூடாக்குகிற வடிவம், ஆர். ஜே. ரெனோல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிகரெட் கம்பனியின் பிரீமியர். 1988இல் அமெரிக்காவில் சென் லூயிஸ், பீனிக்ஸ், ரூசோன் நகரங்களில் விற்றுப் பார்த்து, 1989இல் நிறுத்தினார்கள். நுனியில் காபன் துண்டு, அதன் பின்னால் அலுமினியக் குப்பி, குப்பிக்குள் கிளிசரினும் புகையிலைச் சாறும் ஏற்றிய அலுமினா மணிகள். பற்றவைக்கக் கஷ்டம், தீக்குச்சியால் பற்றவைத்தால் கெட்ட மணம், இழுவையும் கடினம். காபன் எரிவதால் காபனோரொட்சைட்டும் போகவில்லை. இந்த வகையை அளப்பதிலும் பழைய முறை தடுமாறும். ஆவியில் பெரும்பகுதி தண்ணீரும் கிளிசரினும். வட்டைக் கழற்றி எடுக்கிற நேரத்திலேயே தண்ணீர் தப்பிவிடும். தண்ணீரைக் குறைத்து அளந்தால் கழித்து வருகிற தார் கூடிப்போகும். வட்டைப் பிடியிலேயே வைத்துக் கரைப்பானை ஊற்ற வேண்டும்.

சுருட்டை இந்தச் சிகரெட் இயந்திரத்தில் அப்படியே வைக்க முடியாது. அதற்கு வேறு ஒழுங்கு: 12 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ளதற்கு 20 மில்லிலீற்றர், 1.5 செக்கன், 40 செக்கனுக்கு ஒரு இழுப்பு. பில்ரர் இல்லை, துளை இல்லை, அதனால் இலக்கத்தை இறக்க வழியும் இல்லை. சுருட்டுக்குப் போகிற கறுத்த இலையின் புகை பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. உள்ளிழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே கன்னத்தின் உட்தோல் வழியாக நிக்கொட்டின் இரத்தத்துக்குள் போய்விடும், அதை எந்த வட்டும் காட்டாது.