வாவெல் வாயிலில் கோடரி: என் யாத்விகா கேம்பெய்ன், மூன்றாவது வாரம்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் கணினித் திரையில் அரசி யாத்விகா ஒருவழியாக ஒழுங்காகக் கோடரி ஓங்கினார். கதவு திறக்கவில்லை, மரம் சாயவில்லை, அவர் விறகைத் தூக்கிக்கொண்டு எங்கும் நடக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக நான் கேட்டது இவ்வளவுதான்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் விளையாட்டின் டெஃபினிட்டிவ் பதிப்பில் போலந்துக்காரர்களை வைத்து விளையாடியவர்களுக்கு யாத்விகாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் வந்த ‘டான் ஆஃப் த டியூக்ஸ்’ விரிவாக்கத்தில் அவர் பெயரிலேயே ஒரு கேம்பெய்ன், அதாவது கதையாகத் தொடரும் ஆட்டங்களின் வரிசை, இருக்கிறது. அதை இரண்டு முறை முடித்துவிட்டேன். எனக்குப் பிடித்த ஒரு காட்சியை என் கையாலேயே கட்டிப் பார்க்கவேண்டும் என்ற அரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. 1385 ஆகஸ்டில் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சி அது.

கதை இதுதான். ஹங்கேரியையும் போலந்தையும் ஆண்ட அரசர் லூயியின் கடைசி மகளான யாத்விகாவுக்கு நான்கு வயதிலேயே, 1378இல் ஹைன்புர்கில், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் குடும்பத்து வில்ஹெல்முடன் மணவொப்பந்தம் ஆகிவிட்டது. 1384 அக்டோபர் 16 அன்று போலந்தின் கிராக்கோவில் முடிசூட்டிக்கொண்டார். போலந்துப் பிரபுக்களோ லித்துவேனியாவின் ஆட்சியாளர் யோகைலாவை மாப்பிள்ளையாக முடிவுசெய்தார்கள். வில்ஹெல்ம் கிராக்கோவுக்கே வந்துவிட, வாவெல் கோட்டையிலிருந்து அவரைப் பிரபுக்கள் வெளியேற்றினார்கள். அவரைப் பார்க்க வெளியே போக முயன்ற யாத்விகாவுக்குக் கதவு பூட்டியிருந்தது. அவர் கோடரியை வாங்கிக் கதவை வெட்ட ஆரம்பித்தாராம். கோராய் ஊர் டிமித்ர் என்ற பிரபு கெஞ்சித் தடுத்தாராம். இந்த ‘ஆராம்’ எல்லாம் யான் த்வுகோஷ் என்ற வரலாற்றாசிரியரைச் சேரும். அவர் பிறந்ததே 1415இல். கோடரி உண்மையா என்று கேட்டால் நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் அப்போது அவருக்கு வயது பதினொன்று. கையில் கிடைத்ததை எடுத்துக் கதவை அடிக்கும் பதினொரு வயதுப் பெண்ணை நம்புவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

இனி கதவு. சொந்தக் காட்சிகளைக் கட்ட விளையாட்டோடு வரும் எடிட்டரைத் தொட்டவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரிக்கலாம்.

முதல் முயற்சியில் கதவை ஆட்டக்காரர் 1 பெயரில், அதாவது அரசியின் பெயரில் வைத்து, ட்ரிகரால், அதாவது நிபந்தனை நிறைவேறினால் ஒரு விளைவை நடத்தும் கட்டளையால், பூட்டினேன். சோதித்துப் பார்க்க அக்கா மகனை உட்காரவைத்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். கதவைச் சொடுக்கினான், கீழே வந்த பூட்டுப் பொத்தானை அழுத்தினான், அரசியை வெளியே நடத்திக்கொண்டு போய்விட்டான். “இவ்வளவுதானா மாமா?” என்றான். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. போலந்தின் வரலாறே மாறிவிட்டது.

அடுத்து கதவைப் பிரபுக்களுக்கு, ஆட்டக்காரர் 3க்கு, மாற்றினேன். நட்பு நாட்டவர் வந்தால் கதவு தானாகத் திறக்கும் என்பதை மறந்து தொலைத்தேன். அரசி கிட்டே போனதும் கதவு மரியாதையாக மேலே ஏறியது. சரி, ட்ரிகரில் அதையும் பூட்டியாயிற்று. இப்போது திறக்கவில்லை, ஆனால் நட்புக் கதவை வெட்டவும் முடியாது.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்த விளையாட்டில் உறவு ஒருதலையாகவும் இருக்கலாம். பிரபுக்கள் அரசியை நண்பர் என்று வைத்திருக்க, அரசி மட்டும் அவர்களைப் பகைவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1385இன் வாவெலை இதைவிடக் கச்சிதமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை என்று தோன்றியது. உறவு மாற்றும் ட்ரிகரைப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அழகுக்காக முற்றத்தில் நிறுத்திவைத்திருந்த அரசியின் எட்டு வில்லாளிகள் அந்தக் கணமே பிரபுக்களின் காவலர்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார்கள். உறவு மாறினால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வில்லாளிகளை எடுத்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது: எடிட்டரில் உள்ள அரசி உருவத்துக்குச் சண்டையே போடத் தெரியாது. அவர் நடப்பார், நிற்பார், சாவார். கோடரி ஏது?

கோடரி யாரிடம் இருக்கிறது? மரம் வெட்டும் கிராமத்துப் பெண்ணிடம். எடிட்டரில் விறகுவெட்டி உருவம் தனியாகவே கிடைக்கிறது. அரசி கதவருகே வந்ததும், பொருளை மாற்றும் விளைவைப் போட்டு அவரை விறகுவெட்டிப் பெண்ணாக மாற்றினேன். பெயரை மட்டும் திரும்ப எழுதினேன். கதவோடு ஒட்டி ஒரு மரத்தை நட்டேன். அந்த மரத்தை வெட்டச் சொன்னால், விளையாட்டின் சாய்வான பார்வையில் அவர் கதவை வெட்டுவதுபோலவே தெரியும். உறவு, பகை எதுவும் வேண்டாம். பட்டு உடுத்த அரசி திடீரென்று முரட்டுத் துணிக்கு மாறுவது உறுத்தத்தான் செய்கிறது. மாறுவேடத்தில் தப்பப் பார்த்தார் என்று ஒரு வரி வசனம் சேர்த்து மழுப்பியிருக்கிறேன்.

முதலில் நட்டது மூங்கில். மெலிதாக இருப்பதால் கதவை மறைக்காது என்பது என் கணக்கு. கிராக்கோவில் மூங்கில் ஏது என்று கேட்ட நண்பருக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருப்பது ஓக்.

ஆனால் உண்மையான தலைவலி இதற்குப் பிறகுதான். சில வெட்டிலேயே மரம் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்ததும் அரசி கதவை மறந்துவிட்டு, கீழே கிடக்கும் கட்டையிலிருந்து விறகு சேர்க்கத் தொடங்குகிறார். பத்து விறகு சேர்ந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு, முற்றத்து மூலையில் நான் அலங்காரமாக வைத்திருந்த மரக்கிடங்குக்கு நடக்கிறார். மேலே மரக் கணக்கு 10 என்று ஏறுகிறது. காதலனைப் பிரித்த ஆத்திரத்தில் கதவை உடைக்க வந்தவர், அடுப்புக்கு விறகு கொண்டுபோகிறார்! கிடங்கை அழித்துப் பார்த்தேன். சுமையைத் தோளில் வைத்தபடி சிலைபோல நின்றார். பத்து விறகு சேருமுன் காட்சியை வெட்டிவிடலாம் என்று கடிகார ட்ரிகரைக் குறுக்கிப் பார்த்தேன். சாய்ந்த மரத்துக்கு முன்னால் குனிந்து வெட்டும் பெண் எப்படியும் கதவை வெட்டுவதுபோல் இல்லை.

மருந்து கண்ணெதிரே இருந்தது. மரம் சாயும்வரைக்கும் விறகு சேராது. மரத்துக்கு இருப்பது சொற்ப உயிர்ப்புள்ளி. அதை ஏற்றிவிட்டால்? உயிர்ப்புள்ளி மாற்றும் விளைவை எடுத்து மரத்துக்குச் சில ஆயிரம் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு இரவு இதில் போயிற்று. மரம் எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லை, அது ‘காயா’ என்ற இயற்கைக்குச் சொந்தம். விளைவில் மூல ஆட்டக்காரர் என்ற இடத்தில் நான் 1 என்றே விட்டிருந்தேன். காயா என்று மாற்றிய மறு நொடி, ஓக் மரம் பாறையாகிவிட்டது. அரசி வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். கோடரி படும் சத்தம் காலி முற்றத்தில் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகப் பின்னணி இசையையும் நிறுத்திவிட்டேன்.

பதினெட்டு விநாடி அதை ஓடவிட்டு, பிறகு டிமித்ர் உள்ளே வரவேண்டும். இங்கேயும் ஒரு முட்டாள்தனம். கடிகார நிபந்தனை அந்த ட்ரிகர் உயிர்பெற்ற நேரத்திலிருந்துதான் எண்ணும். நான் அதைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி விட்டிருந்தேன். அரசி படுக்கையறையை விட்டு இறங்குவதற்கு முன்பே டிமித்ர் கதவடியில் வந்து நின்று, “வேண்டாம் அரசே” என்று காற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

‘அரசே’ என்பது தட்டச்சுப் பிழை இல்லை. போலந்துக்காரர்கள் யாத்விகாவுக்கு ராணியாக முடிசூட்டவில்லை, லத்தீனில் ‘ரெக்ஸ்’, அதாவது அரசர் என்றே சூட்டினார்கள். இனி வரப்போகும் கணவர் தானாக ஆட்சிக்கு வந்துவிடக்கூடாது, ஆட்சி இவருடையது என்பதைச் சொல்லும் பட்டம். அதனால் வசனம் முழுவதிலும் அரசே என்றுதான் அழைக்கிறார்கள். அக்கா மகன் இதைப் பிழை என்று குறித்துக் கொடுத்திருக்கிறான். பெயரையும் சொல்லிவிடுகிறேன்: பழைய பதிவுகளில் ஜாட்விகா என்று எழுதிவந்தேன். போலிஷ் மொழியில் J எழுத்துக்கு ‘ய’ ஒலி. யாத்விகாதான் சரி.

நடுவில் மவுஸ் கதை வேறு. பழைய மவுஸ் போய்விட்டது என்று, பழைய கணினிச் சாமான் விற்கும் ஒரு கடையில் இருநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு சொடுக்கை அது இரண்டாக எண்ணும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த விளையாட்டில் இரட்டைச் சொடுக்கு என்றால் திரையில் உள்ள அதே வகை ஆட்கள் எல்லோரும் தேர்வாகிவிடுவார்கள். முற்றத்தில் நின்ற மூன்று விறகுவெட்டிப் பெண்களும் அரசியோடு சேர்ந்து கதவுக்கு ஓடினார்கள். நல்ல கூட்டம். மாற்றிக் கேட்டதற்கு, “விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை அண்ணே” என்றார் கடைக்காரர். புது மவுஸ் வாங்கியாயிற்று.

இரண்டாவது சினாரியோவுக்கு, அதாவது கேம்பெய்னின் அடுத்த ஆட்டத்துக்கு, ஒரு யோசனை பிடித்திருக்கிறது. போலந்துக்காரர்களின் தனித் தொழில்நுட்பமான ‘ஷ்லாஹ்தா’ சலுகை, குதிரை வீரனின் தங்க விலையை 75இலிருந்து 30ஆக இறக்கிவிடும். ஷ்லாஹ்தா என்றால் பிரபு வர்க்கம். இதை ஆட்டத்தின் நடுவில் ஆராயவைப்பது எனக்கு உடன்பாடில்லை. லூயி 1374இல் கோஷிட்சேயில் பிரபுக்களுக்கு நிலவரியைப் பெரிதும் குறைத்துச் சலுகை கொடுத்தார். தம் மகள்களில் ஒருத்திக்கு அரியணை கிடைக்கவேண்டும் என்பதற்கான விலை அது. யாத்விகா முடிசூடும்போது அந்தச் சலுகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆகவே ஆட்டம் தொடங்கும்போதே அது ஆராய்ந்து முடிந்ததாக இருக்கும். குதிரை மலிவு, ஆனால் கருவூலத்தில் தங்கம் இருக்காது. வில்ஹெல்முக்கு நட்டஈடாக யோகைலா தருவதாகக் கிரேவோவில் ஒப்புக்கொண்ட 2,00,000 ஃப்ளோரின் தொகையை 2,000 தங்கமாகச் சுருக்கி, அதைச் செலுத்தவும் ஆட்டக்காரர் தலையில் கட்டலாமா என்று பார்க்கிறேன்.

மூன்றாவது 1387. கணவர் லித்துவேனியாவில் இருக்க, பதின்மூன்று வயது அரசியே படையோடு இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்துச் செந்நிற ருத்தேனியாவுக்குப் போன வருடம். லிவிவ் உட்பட ஊர்கள் பெரும்பாலும் சண்டையின்றிப் பணிந்தன. ஹாலிச் மட்டும் அடம்பிடித்தது. அதற்கு லித்துவேனியப் படை வரவேண்டியிருந்தது. சண்டையிட்டால் மதிப்பெண் குறையும், பேசினால் ஊர் கைமாறும் என்று வைக்க ஆசை. ஆனால் தாக்குநிலையில் ஒரு வீரன் நின்றால் போதும், என் ராஜதந்திரம் முழுவதும் அம்பாகப் பறந்துவிடும். வில்லாளிகள் விஷயத்தில் பட்டது போதும். எல்லாப் படையையும் தாக்காத நிலையில் வைத்துத் தொடங்கவேண்டும். 1397இல் இனோவ்ரோத்ஸ்வாவில் டியூட்டானிக் வீரத்துறவிகள் சபையின் தலைவர் கொன்ராத் ஃபான் யுங்கிங்கனோடு அவர் நேரில் பேசியதையும் சேர்த்தால், ஒரு வாள்கூட உருவாத சினாரியோ ஒன்று கிடைக்கும். அதை விளையாட யாராவது வருவார்களா என்பது வேறு விஷயம். போலந்துக்காரர்களின் தனிக் காலாட்களான ஒபுஹ் வீரர்களை வைத்து டியூட்டானிக் வீரர்களின் கவசத்தை அடிக்கு ஒரு புள்ளியாக உரிக்கும் சுகம் அங்கே கிடைக்காது.

இவ்வளவும் திட்டம்தான், முதல் சினாரியோவே இன்னும் முடியவில்லை. டிமித்ர் இப்போது சரியான நேரத்துக்கு வருகிறார், வசனம் ஓடுகிறது, அரசி கோடரியை நிறுத்துகிறார், மறுபடி பட்டுடுத்த உருவத்துக்கு மாறுகிறார். அந்த மாற்றம் நடக்கும் நொடியில் அவர் முகம் கதவுக்குப் பதில் மதில் பக்கம் திரும்பிவிடுகிறது. அதை இப்படியே விட்டுவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பாக்கி வில்ஹெல்ம். கதவுக்கு வெளியே காத்திருக்கும் அவர், உள்ளே கோடரிச் சத்தம் நின்றதும் ஊரை விட்டுப் போகவேண்டும். வரைபடத்தின் மேற்கு ஓரத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அவர் விஸ்துலா ஆற்றங்கரை வரை போய், நான் அழகுக்கு நட்ட நாணல்களுக்கு நடுவே நின்றுவிடுகிறார். ஆழமில்லாத துறை ஒன்றை எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஆஸ்திரிய இளவரசர் ஆற்றங்கரையிலேயே நிற்கட்டும்.